காயாத ஆமணக்கு இலை

1956 ஆகஸ்டு 6, திங்கள். கிருஷ்ணகிரி.

இன்றும் வகுப்பில் தொண்டை அடைத்துக்கொண்டது. தொண்டையை நனைக்கக் கொண்டுபோன செம்புத் தண்ணீர் தீர்ந்தது, பாடம் தீரவில்லை. தலைமையாசிரியை சரோஜம்மாள் மெல்லத்தான் சொன்னார்: "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வராங்க. நீ பாடம் நடத்தறதைப் பாத்துதான் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க. வாயைத் திறந்து பேசும்மா."

மகள் பி.எஸ்ஸி. என்று அப்பா குருபரப்பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவளுக்குப் பேச வராது என்று யார் சொல்வது?

வெள்ளிக்கிழமைப் பாடம் இலை. பேசாமல் காட்டிவிட்டால்? இலை நரம்பை மையில் ஒற்றியெடுத்து வகுப்புச் சுவரில் மாட்டினால்?

ஆகஸ்டு 8, புதன்

பக்கத்து வீட்டு முனவர் பேகம், தன் அண்ணன் ஷௌகத் அலியின் அச்சகத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிப் பலகை, உருளை, மை எல்லாம் கொடுத்தார். மஞ்சள் மை பாகாய் இறுகியிருந்தது. இளக்க மண்ணெண்ணெய் இல்லை. வீட்டில் கண்மை குழைக்கிற பழக்கத்தில் இருவரும் விளக்கெண்ணெயை விட்டோம்.

ஆமணக்கு இலையில் மஞ்சளைத் தடவிக் கண்ணாடியில் ஒற்றினேன். அதன்மேல் கறுப்பை உருட்டினால் — மஞ்சள் நரம்புகளில் ஒட்டவே இல்லை! கெட்டது என்றுதான் தாளை வைத்து அழுத்தினேன். உரித்தெடுத்தால், கறுப்புக்குள் நரம்பு நரம்பாக மஞ்சள் இலை.

"வெளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்குதுக்கா! எனக்கொண்ணு எடு" என்றாள் முனவர்.

எங்கே எடுப்பது? கண்ணாடியில் இருந்ததெல்லாம் தாளுக்குப் போய்விட்டது.

ஆகஸ்டு 9, வியாழன்

காயவில்லை. ஷௌகத் அலி சிரிக்கிறார்: "வெளக்கெண்ணெய் எந்த ஊர்ல காஞ்சுதும்மா? ஆடிக் காத்துக்கும் அசையாது."

ஐயோ, நாளைக்கு என்னத்தக் காட்டுவேன்?

ஆகஸ்டு 10, வெள்ளி

அதையே மாட்டினேன். வேறு வழி?

இன்ஸ்பெக்டரம்மா நேராகப் போய் அதைத் தொட்டார். முன்வரிசை முனிலட்சுமி கத்தினாள்: "தொடாதீங்கம்மா, கண்மை கணக்கா அப்பிக்கும்!" அதற்குள் அவர் வெள்ளைச் சேலையில் மஞ்சள் விரல் தடம்.

அவர் விரலைப் பார்த்தார். "ஏன் காயலே?"

சொன்னேன். விளக்கெண்ணெய் காயாது என்றேன். இளகின மையின்மேல் இறுகின மை ஒட்டாது, அதனால்தான் நரம்பு தெரிகிறது என்றேன். நரம்பு இலைக்கு எதற்கு என்று முனிலட்சுமி கேட்டாள், அதையும் சொன்னேன். மணியடித்த பிறகுதான் நிறுத்தினேன். அவ்வளவு நேரம் பேசினது நான்தானா?

"இதுமாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ஒரு தடவைதாங்க வரும்."

போகும்போது சரோஜம்மாளிடம் சொன்னாராம்: "இந்தப் பொண்ணு இருக்கட்டும்."

ஆகஸ்டு 27, திங்கள்

அச்சு இன்னும் காயவில்லை. தொட்டுப் பார்க்காத பெண் வகுப்பில் இல்லை.

செம்பை இன்று வீட்டிலேயே மறந்துவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து அடுப்படியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.