மானகிரி ரோட்டுக் கல்

786

காரைக்குடி,
11-2-1968

அல்லாபிச்சைக்கு,

ஸலாம். அம்மாவும் நானும் சுகம். எப்போதும் 'உயிருக்குயிரான மாப்ளே' என்று போட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்றைக்குப் பேனா அந்த வார்த்தைப் பக்கமே போகமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டேன்.

நீ கொடுத்தனுப்பிய டெரிலின் துணி வந்து சேர்ந்தது. அம்மா அதை மடியில் வைத்து நீவி நீவிப் பார்த்தாள். பெத்த பிள்ளைக்கு மேலே என்று உன்னைச் சொன்னாள். தையல்காரரிடம் கொடுடா என்று தினமும் நச்சரிப்பு. நான் கொடுக்கவில்லை. பெட்டியில் அப்படியே கிடக்கிறது.

பினாங்கிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதம். ஒன்று என் தாய்மாமா, உன் முதலாளி, முகைதீன் பிச்சை மாமா எழுதியது. இன்னொன்று நீ எழுதியது. மாமா ஜாஹிதாவை உனக்கு நிக்காஹ் செய்து கொடுக்க நினைக்கிறாராம். கடையில் நீ நல்லபடி இருக்கிறாயாம். ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் இல்லையா, காஜா, சின்னப் பிள்ளையிலிருந்து அவனோடு திரிந்தவன் நீ, பையனை நம்பலாமா என்று ஒரு வார்த்தை எழுது, வேறு யாரையும் கேட்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறார். நீயோ, மாமா கேட்டு எழுதுவாக, நல்லதா நாலு வரி போட்டு விடு என்று எழுதியிருக்கிறாய்.

போட்டிருப்பேன். நாலு வரி என்ன, நாற்பது வரி போட்டிருப்பேன். ஜாஹிதா எனக்கு முறைப்பெண் என்பதை அம்மா இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்னாள். அரிசிக் கடையில் மூட்டை பிடிக்கிறவனுக்கு முறை என்ன வேண்டிக் கிடக்கு என்று நான்தான் அதட்டி அடக்கினேன். மறுநாள் தபாலாபீஸ் போய்க் கடிதத்தாள் வாங்கி வந்து எழுதுவதாக இருந்தேன். அதற்குள் கடை முதலாளி மானகிரியில் நெல் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தார்.

மதுரை ஓட்டத்தில் தோற்று வந்த நாளிலிருந்து நான் அந்த ரோட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உனக்கே தெரியும். வெட்கம்.

போனேன். நாம் புறப்படுகிற வேப்பமரம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நம்முடைய முதல் கல். நாம் ஓடின காலத்தில் வெறும் வெள்ளைக் கல்லாக நின்றதே, அதில் இப்போது கருப்பு மையில் எழுதியிருக்கிறது. கி.மீ. என்று எழுதியிருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கி அடுத்த கல்வரை தள்ளிக்கொண்டே போனேன். அதிலும் கி.மீ. அதற்கடுத்த கல்லிலும் கி.மீ. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன் அல்லாபிச்சை. வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தி, மயக்கமா தம்பி, தண்ணி வேணுமா என்று கேட்டார்.

எதற்கு உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடாதே. அதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பயில்வான் கொட்டகையில் கல் தூக்குகிறவனுக்குப் படி இருந்தது. முழங்காலுக்கு வந்தால் ஒரு மரியாதை, இடுப்புக்கு வந்தால் ஒரு மரியாதை, அப்புறம் நெஞ்சு, அப்புறம் தோள். இடுப்போடு நின்றவனைக்கூட யாரும் ஏளனம் செய்ததில்லை. அவன் இடுப்புக்காரன், அவ்வளவுதான். ஓடுகிறவனுக்கு என்ன இருந்தது? ஜெயித்தாயா, இல்லையா. நடுவில் ஒன்றுமில்லை. நாய் துரத்தினா நாங்களும்தான் ஓடுவோம் என்று கொட்டகையில் என்னைக் கிண்டல் செய்தபோது நீதான் எனக்காக எழுந்து பேசினாய். அவனுக்கும் கல், நமக்கும் கல், நாம் தூக்குகிறோம், அவன் தாண்டுகிறான் என்று சொன்னாய். அரை மணி நேரத்தில் மூன்று கல் தாண்டினால் முழங்கால், நாலு இடுப்பு, ஐந்து நெஞ்சு, ஆறு தோள் என்று நீதான் வகுத்தாய். அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேனே, மறந்துவிட்டதா?

வலையபட்டிப் பக்கத்துப் பழைய ரோட்டில் ஓடினோம். என் அத்தாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீ சைக்கிளில் கூடவே வருவாய். வருஷக் கணக்கில் தவம் கிடந்து நாலு கல் தாண்டினேன். இடுப்பு. அதற்கு மேல் நகரவில்லை. அந்தக் கல்லெல்லாம் மைல் கல். நம் ஊரில் கல் என்றால் மைல்தானே. நாலு கல் நடந்தான் என்றால் நாலு மைல் நடந்தான் என்றுதானே அர்த்தம்.

நோன்பு மாதம் ஓட்டத்தை நிறுத்தினோம். பெருநாள் முடிந்ததும், அந்த ரோடு வேணாம், ஒரே புழுதி, மானகிரி ரோட்டில் புதுத் தார் போட்டிருக்கு, அங்குட்டுப் போவோம் என்றாய். போன முதல் வாரமே ஐந்து கல். நெஞ்சு! எனக்கே சந்தேகம் வந்தது. நோன்பிருந்த உடம்பு லேசாகிவிட்டது, தார் ரோடு வேறு என்றாய். பங்குனி வெயில் வருமுன் ஆறு கல். தோள்! சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினாய். படுபாவி, என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினாயே.

ஒரு கிலோமீட்டர் என்பது மைலில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆறு கல்லைக் கூட்டினால் நாலு மைல்கூட முழுசாக வராது. நான் இடுப்பைத் தாண்டவே இல்லை.

எனக்குத் தெரியாது. எழுத்தில்லாத வெள்ளைக் கல், விடிந்தும் விடியாத இருட்டு, கல் என்றதும் மைல் என்று நம்பினேன். உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அந்த ரோட்டைக் காண்ட்ராக்ட் எடுத்தவரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நீ. சங்கிலி பிடித்து அளந்து, இங்கே நடு, அங்கே நடு என்று ஒவ்வொரு கல்லையும் கூட நின்று நட்டவன் நீ.

சரி, என்மேல் இரக்கப்பட்டுச் செய்தாய் என்று நினைக்கத்தான் பார்த்தேன். இரண்டு நாள் அப்படியே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் நான் தோளுக்கு வந்த அந்த வாரம்தான் மாமா ஊருக்கு வந்திருந்தார். பினாங்குக் கடைக்கு ஒரே ஒரு ஆளுக்குப் பெர்மிட் வாங்கி வைத்திருக்கேன், காஜா நீ வாரியா என்று கேட்டார். நான் உன்னிடம் ஓடி வந்தேன். தோளுக்கு வந்தவன் எதுக்கு மாப்ளே கடையில் பொட்டலம் கட்டணும், மதுரை மில்லில் ஓட்டக்காரனுக்கு வேலை தாராக, உன்னை விட்டால் யாரை எடுப்பாக என்றாய். நான் அப்படியே போய் மாமாவிடம் வேண்டாம் என்றேன். அதோடு விட்டேனா? அல்லாபிச்சையைக் கூட்டிப் போங்க, தங்கமான பையன் என்று என் வாயாலேயே சொன்னேன். நீ கப்பலேறினாய்.

மதுரையில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாக எழுதியதில்லை. அரை மணியில் ஆறு மைல் ஓடுவேன் என்று அந்த அதிகாரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று மைல்தான் ஓட்டம். மற்றவர்கள் என்னை ஒரு சுற்று முந்தினார்கள், பிறகு இன்னொரு சுற்று முந்தினார்கள். நான் ஒன்றும் மோசமாக ஓடவில்லையடா. எப்போதும் ஓடுகிற மாதிரிதான் ஓடினேன். எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்புகிற நேரத்தில் நான் கடைசியாக வந்தேன். உனக்கு யாருப்பா கடிகாரம் பிடிச்சது என்று அவர் கேட்டார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். என் சிநேகிதன் என்று பெருமையாகச் சொன்னேன்.

ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கலக்கிவிட்டது என்று உனக்கு எழுதினேன். கண் பட்டிருக்கும், ஓதிப் பார்க்கச் சொல்லு என்று பதில் போட்டாய். அதை அம்மா பிடித்துக்கொண்டாள். என்னா ஓட்டம் ஓடுறான் என்று வாசலில் நின்று சொன்னது எதிர்வீட்டுப் பாத்திமுத்துக் குப்பிதான் என்று அவரோடு சண்டை. நோன்பு மாதத்தில்கூட அந்த வீட்டுக்குக் கஞ்சி போகவில்லை, வரவில்லை. நேற்றுத்தான் குப்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் இப்பக் கேக்குறே என்றார்.

நீ கல்லைத் தோளுக்கு ஏற்றிய அன்றைக்கு நான் செக்காலை வரை ஓடி எல்லாரிடமும் சொன்னேன். உன் கல்லை யாரும் குறைக்கவில்லை. இடுப்புக்காரன் என்று என்னை விட்டிருந்தால் நான் சந்தோஷமாகவே இருந்திருப்பேன். அது நான் ஓடி வாங்கியது. இப்போது அதைக்கூட வெளியே சொல்ல வாய் வரவில்லை.

மாமாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதி உன்னைக் கெடுத்துவிடுவேன் என்று பயப்படாதே. நான் ஒரு வரிகூட உன்னைப் பற்றித் தப்பாக எழுதமாட்டேன். நீயே சொல்லு. ராத்திரி கடை அடைத்ததும் மாமா எதிரில் உட்கார்ந்து, காஜாவுக்குக் கல்லைக் குறைத்து அளந்தேன், பெர்மிட் எனக்கு வரணும் என்று செய்தேன் என்று உன் வாயால் சொல்லு. சொன்னாய் என்று மாமா கையெழுத்தில் எனக்கு ஒரு வரி வந்தால் போதும். தயங்காமல் கொடுங்க மாமா, இனிமேல் நம்பலாம் என்று அன்றைக்கே எழுதுவேன். அம்மாவையும் பேசாமல் இருக்கச் செய்வேன். இந்தச் சத்தியத்தை நான் மீறமாட்டேன்.

அந்த வரி வராவிட்டால் மாமாவுக்கு என்னிடமிருந்து எந்தப் பதிலும் வராது. அவராகப் புரிந்துகொள்ளட்டும்.

இன்று மத்தியானம் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். ஜாஹிதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவுக எப்படிப்பட்டவுக மச்சான், நீங்க சொன்னாச் சரிதான் என்றாள். அவள் அத்தா கேட்ட அதே கேள்வி. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, குர்ஆன் நல்லா ஓதுவான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கே அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது அல்லாபிச்சை. சொன்னதை அப்படியே நம்புகிற பிள்ளை. அவளை ஏமாற்ற ரொம்பச் சாமர்த்தியம் தேவைப்படாது.

அல்லா உனக்கு நீண்ட ஆயுளையும், உண்மை பேசுகிற ஒரே ஒரு ராத்திரியையும் தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
காஜா மைதீன்