கன்னத்தால் கேட்டது

ஜூன் 12, 2025, வியாழன்

ஹெட்ஃபோன் வந்துவிட்டது. கூரியர்காரர் தொப்பலாக நனைந்து வந்தார். டப்பா மட்டும் நனையவில்லை. அதே கம்பெனி, அதே மாடல், பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு 'மார்க் டூ'. என் மனைவி பத்மஜா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கறதும் இதுதானே?"

இல்லை, இது திருத்திய வெர்ஷன் என்றேன்.

"எதைத் திருத்தினாளாம்?"

அது எனக்கும் சரியாகத் தெரியாது. கம்பெனிக்காரர்கள் 'மேம்படுத்தப்பட்ட ஒலி' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இணையத்தில் பாதிப் பேர் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்கிறார்கள். மீதிப் பேர், பெயின்ட்தான் புதுசு என்கிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு ஒரு வீணைக் கச்சேரி கேட்டேன். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. சத்தியமாக வித்தியாசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜன் வரட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தான். கேட்டான். "அதேதாண்டா" என்றான்.

சுந்தரராஜன் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் பைலட். ஆற்றிலிருந்து கப்பலை லாக் கேட் என்கிற மதகு வழியாகத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிறவன். ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். பல வருஷப் பழக்கம். இந்த ஹெட்ஃபோன் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவனே அவன்தான். பழைய மாடலை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வாங்கினோம், ஆளுக்கு ஒன்று.

"நீ ஆசைப்பட்டு வாங்கியிருக்கே, அதனால நன்னா கேக்கறது. தப்பில்ல. ஆனா அது ஹெட்ஃபோன்லேர்ந்து வரலடா" என்று சிரித்தான்.

சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்ப்போமா என்றேன். "தாராளமா" என்றான். அடுத்த ஞாயிறு. மகாதேவனையும் கூப்பிடப் போகிறேன். துறைமுகத்தில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறான், இரண்டு பேருக்கும் பொது நண்பன். சாட்சி வேண்டுமே.

ஜூன் 18, புதன்

செக்டர் ஃபைவில் தெருவெல்லாம் மழைத் தண்ணீர். ஆபீஸிலிருந்து திரும்பும்போது ஆட்டோ நடுவழியில் நின்றுவிட்டது. வழியெல்லாம் எந்தப் பதிவைப் போடலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

பத்மஜாவின் துப்பட்டாவால் கண்ணைக் கட்டினோம். அவள்தான் ஒவ்வொரு தடவையும் பழையதோ புதியதோ ஏதோ ஒன்றைத் தலையில் மாட்டினாள். மகாதேவன் கணக்கு வைத்துக்கொண்டான். எனக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. சுந்தரராஜனுக்குப் பாதிக்குப் பாதி. சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவு வரும்.

அதோடு விட்டிருக்கலாம். நாகஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டு, "இதைக் கேளு, பின்னால அந்தத் தாளம் எப்படிக் கணீர்னு இருக்கு பாரு" என்று புதியதை அவன் தலையில் நானே மாட்டினேன். கண்கட்டோடு தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு மெதுவாக, "எந்தத் தாளம்?" என்றான்.

வெண்கலத் தாளம். பதிவு முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது.

மகாதேவன் என்னைப் பார்த்தான். பத்மஜா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நான் சொல்லிவிட்டேன்: "கப்பல் சங்கு கேட்டுக் கேட்டு உனக்குக் காது அவுட்டுடா! செவிட்டு பைலட்டை வெச்சுண்டு துறைமுகம் எப்படி ஓடறது?"

மகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். சுந்தரராஜன் கட்டை அவிழ்த்து, துப்பட்டாவை மடித்து பத்மஜாவிடம் கொடுத்தான். அவனும் கொஞ்சம் சிரித்தான். சாப்பாட்டுக்கு இருக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஒன்று எழுதாமல் விட்டேன். நேற்று எனக்கு எது எது என்று எப்படித் தெரிந்தது? பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. புது குஷன் மெத்தென்று இருக்கிறது. பழையது அமுங்கிக் கட்டை தட்டிப்போய்விட்டது. கன்னத்தில் பட்டவுடனே தெரியும். காதே வேண்டாம்.

நேற்றே தெரியுமா இது எனக்கு? தெரியும். முதல் தடவையே தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

சுந்தரராஜன் இன்றும் வரவில்லை. போன் செய்தால் ஷிப்ட் என்கிறான். முன்பெல்லாம் ஷிப்ட் என்றால் அவனே போன் பண்ணுவான்.

ஜூலை 18, வெள்ளி

இன்று சுந்தரராஜன் மனைவி காமு பத்மஜாவுக்குப் போன் செய்திருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக பத்மஜா சொன்னாள்.

மகாதேவன் நான் அடித்த ஜோக்கை அவர்கள் கேன்டீனில் சொல்லியிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, சிரிப்புக்குத்தான். "செவிட்டு பைலட்." இரண்டு நாளில் அது மேலே போய்விட்டது. மேலதிகாரி சுந்தரராஜனைக் கூப்பிட்டு, மெடிக்கல் போர்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனையில் டாக்டர் பின்னால் நின்று கிசுகிசுப்பார், இவன் திருப்பிச் சொல்வான், அவ்வளவுதான். இந்தத் தடவை கண்ணாடி அறையில் உட்கார வைத்து முழு டெஸ்ட்டாம்.

"காமு அழலை. அதான் எனக்கு என்னவோ போல இருந்துது" என்றாள் பத்மஜா.

மகாதேவனுக்குப் போன் செய்து கத்தினேன். "நீதானேப்பா சொன்னே?" என்றான்.

நான்தானே சொன்னேன்.

ஜூலை 29, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. இரண்டு காதிலும் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் போய்விட்டன. தாழ்ந்த சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன. பேச்சில் ச, ஸ, த எல்லாம் தப்பும், கூட்டத்தில் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொன்னாராம். இனிமேல் கப்பலில் ஏற முடியாது. கரையில், ஆபீஸில், மேஜை வேலை.

அவனை மேஜைக்குப் பின்னால் வைத்து நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை என்னை லாக் கேட் பக்கம் நிறுத்தி, மேலே கப்பலை ஓட்டுகிற தளத்திலிருந்து கை அசைத்தான். அத்தனை பெரிய இரும்பு, இரண்டு பக்கமும் சுவர், நடுவில் கையகல இடைவெளி. சைக்கிளைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி கொண்டுவந்தான்.

என்ன பண்ணிட்டேன் நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: குஷன் அமுங்கினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியே மாறிவிடும், பலபேர் புது வெர்ஷன் என்று நினைத்துப் புது குஷனைத்தான் புகழ்கிறார்கள். கம்பெனியின் குஷன் ஒரு ஜோடி வரவழைத்துப் பழையதில் மாட்டினேன். இப்போது இரண்டும் கன்னத்துக்கு ஒன்று போலவே இருக்கிறது. பத்மஜாவிடம் மறுபடி துப்பட்டாவை நீட்டினேன். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள்.

கண்ணை மூடிக் கேட்டேன். வீணை, நாகஸ்வரம், வயலின் எல்லாம் போட்டாயிற்று. எது பழையது, எது புதியது என்று எனக்குச் சொல்லவே தெரியவில்லை. ஒன்று சொன்னேன், தப்பு. யோசித்து யோசித்து மாற்றிச் சொன்னேன், அதுவும் தப்பு. நடுவில் சிலது சரி. சுந்தரராஜனுக்கு வந்த அதே பாதிக்குப் பாதி.

பத்மஜா துப்பட்டாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இதுக்கா அந்த மனுஷனை மகாதேவன் முன்னாடி நிக்கவெச்சேள்?" என்றாள்.

அவன் சொன்னதுதான் சரி. அதேதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கிடர்பூர் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை, சொன்னால் ஷிப்ட் என்பான். பிறகுதான் உறைத்தது, இப்போது அவனுக்கு ஷிப்டே கிடையாது.

காமு கதவைத் திறந்தாள். "வாங்கோ" என்றாள். பழைய 'வாங்கோ' இல்லை. டிவி தெரு முனை வரை கேட்டது. அவன் அதை அணைத்துவிட்டு என்னைத் தன் வலப்பக்கம் உட்காரச் சொன்னான். ஷெல்ஃபில் அவன் ஹெட்ஃபோனைக் காணவில்லை. கேட்டேன்.

"அக்ஷராவுக்கு பெங்களூருக்கு அனுப்பிட்டேன். இங்க தூசிதான் அடையும்" என்றான். பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான்.

குஷன் மாற்றியதைச் சொன்னேன், எனக்குப் பாதிக்குப் பாதி வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் காதால் கண்டுபிடிக்கவில்லை, கன்னத்தால் கண்டுபிடித்தேன், தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் போனேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும்தான் தெரிஞ்சுதுடா, எது புதுசுன்னு. எனக்குக் கன்னம் இல்லையா?"

"அப்பறம் ஏன் தப்பா சொன்னே?"

"காதால கேட்டு சொல்றதுன்னுதானே பேச்சு? காதுக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருந்துது. தோணினதைச் சொன்னேன்."

எனக்கு நிமிரவே முடியவில்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவனே மறுபடி தொடங்கினான்.

"ஒரு விதத்துல நல்லதுதான். ரேடியோல ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு திரும்பத் திரும்பக் கேட்டுண்டுதான் இருந்தேன். ரெண்டு வருஷமா. லைன் சரியில்லைன்னு சொல்லிண்டிருந்தேன். எங்கயாவது இடிச்சு யாராவது போயிருந்தா? நீ சொன்னது தப்பில்ல, வெங்கட். நானே எழுதிக் கொடுத்துட்டு இறங்கி வந்திருப்பேன், ஒரு நாள் இல்லாட்டா ஒரு நாள். எல்லாரும் சிரிச்சு..."

முடிக்கவில்லை. காமு காபி கொண்டுவந்தாள். அவன் உடனே ஆற்றில் மண் மேடிடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்த ஜோக்குக்காக மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. காமுவை வைத்துக்கொண்டு வரவில்லை. படியிறங்கும்போது கேட்டுவிடலாம் என்றிருந்தேன். கீழே வழியனுப்ப அவன் வரவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

துர்கா பூஜை ஷஷ்டி. தெரு முழுக்க டாக் மேளச் சத்தம். இரண்டு ஹெட்ஃபோனையும் விற்றுவிடப் போகிறேன் என்றேன். பத்மஜா, "வித்தா சரியாயிடுமா?" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

விற்கவில்லை. கேட்கவும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் போன். சுந்தரராஜன். காப்பிப்பொடி வாங்க லேக் மார்க்கெட் வருகிறானாம், டிபன் சாப்பிடலாமா என்றான். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினேன்.

ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சாப்பிடுகிறவர்கள் பின்னால் நின்று நாற்காலி பிடிக்க வேண்டியிருந்தது. அவன் காதில் சின்னதாக மெஷின். உட்கார்ந்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "இந்த இரைச்சல்ல இது பாத்திரம் உருட்டற சத்தத்தைத்தான் பெரிசு பண்றது. கழட்டினா நிம்மதி" என்றான்.

மெலிந்திருக்கிறான். ஆபீஸில் ரோஸ்டர் போடுகிறானாம். யாரை எந்தக் கப்பலுக்கு அனுப்புவது என்று அவன்தான் தீர்மானிக்கிறானாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். அக்ஷராவுக்கு வரன் பார்க்கிறார்கள். காமுவுக்கு முட்டி வலி. பாட்டு, ஹெட்ஃபோன், ஒரு பேச்சும் இல்லை. நான் தொடங்கவும் இல்லை. ஆனால் வந்திருக்கிறானே, அவனாகக் கூப்பிட்டு வந்திருக்கிறானே என்று இருந்தது.

இட்லி வந்தது. அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"சுந்தர், அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கப்படாது. என்னை மன்னிச்சுடுடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். பின்னால் யாரோ பில் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு விரலால் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான்.

"கம்மிதான்" என்றான். "சட்னில உப்பே போடலை இன்னிக்கு."

இன்னொரு தடவை, உரக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"ஆமா, கம்மிதான்" என்றேன்.