மந்திரிப் பதவியை விட்டு வந்த ராத்தாவுக்கு

என்னோடு கூடப்பிறந்த மூத்தவரே, என் உயிர் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கியிருக்கிற மையவாடிக்குள் பெண்கள் போகிற வழக்கம் நம்மட ஊரில் இல்லை. ஆண்கள் உங்கட கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எனக்கு இந்தக் கடிதம்தான் வழி. இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், வந்தால் ஊரும் வாசிக்கும். வாசிக்கட்டும், நான் சொல்லப்போகிறது ஊருக்கும் தெரிய வேண்டிய சங்கதிதான்.

தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் இயக்கத்தால் விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியபோது உங்களுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்ல நீங்கள் தனியே புத்தளம் அரசாங்கக் கச்சேரிக்குப் போனீர்கள். அங்கே இருந்த அதிகாரி ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சிங்களம் தெரியாது. திரும்பி வந்து, மீன் லொறிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நாலு வசனம் பாடமாக்கி, அடுத்த கிழமை மறுபடி போனீர்கள். தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. உங்கட அரசியல் அப்படித்தான் தொடங்கியது.

பிறகு பிரதேச சபை, மாகாண சபை, பாராளுமன்றம், கடைசியில் அமைச்சர் கதிரை. நாட்டின் எந்த மூலையில் நீங்கள் பேசினாலும் சனம் திரண்டது. தொலைக்காட்சியில் நீங்கள் சிங்களத்தில் பேசுவதை உம்மா ஒரு சொல்லும் விளங்காமல் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பா.

அந்தப் பதவியை ஏன் விட்டீர்கள் என்று ஊருக்குத் தெரியும். நம்மட குறிஞ்சிப்பிட்டிக் கரையை, கரைவலை இழுக்கிற இடங்களோடு சேர்த்து, ஒரு ஹோட்டல் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்க உங்கட அரசாங்கமே முடிவெடுத்தது. உங்களையும் கை உயர்த்தச் சொன்னார்கள். நீங்கள் எழும்பி வந்துவிட்டீர்கள்.

அன்று பகல் எனக்கு டெலிபோன் கோல் எடுத்தீர்கள். "ஸித்தி, பதவியை விட்டுட்டேன். வாகனத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. பஸ்ஸிலதான் வாறேன். கொஞ்சம் சோறு எடுத்து வை."

"அப்ப நீங்க எடுத்துத் தாறதாச் சொன்ன என்ட மகன்ட வேலை?" என்றுதான் நான் கேட்டேன்.

"அது இனிக் கிடைக்காது" என்றீர்கள்.

சோறு எடுத்து வைத்தேன். ஆனால் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊரும் அப்படித்தான் இருந்தது. ரோட்டுப் போட்டுத் தந்தவ, இப்ப எல்லாத்தையும் கெடுத்துட்டா என்று கடைத்தெருவில் கதைத்தார்கள். அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றீர்கள்.

ராத்தா, நான் அந்த முறை உங்களுக்கு வாக்குப் போடவில்லை. இதை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும்தானா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தீர்கள்?

தோற்றபிறகு நீங்கள் வீட்டில் இருந்ததில்லை. கரையைக் காக்க வழக்குப் போட்டீர்கள். உடப்பு வரைக்கும் போய்க் கடற்றொழிலாளர்களிடம் சாட்சி கேட்டீர்கள். வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வழக்குத் தவணையைத்தான் விசாரித்தீர்கள்.

ஜனாஸா அடக்கிய அன்று உடப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வலை பொத்துகிற ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்த பிறகு எங்களத் தேடி வந்தவ இவ ஒருத்திதான் பிள்ளை" என்றா. அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. உங்களை இழந்ததற்கா, என்னை நினைத்தா, சொல்லத் தெரியவில்லை.

இனி இங்கே நடந்த புதினம் சொல்கிறேன். போன கிழமை உங்கட பழைய கட்சிக்காரர் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். வரப்போகிற தேர்தலில் உங்கட இடத்துக்கு நான் நிற்க வேணுமாம்.

"உங்கட ராத்தாட பேருக்கே சனம் போடும், டீச்சர். நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. அந்த வழக்கை மட்டும் அப்படியே விட்டுடுங்க" என்றார் ஒருவர்.

"மகனுக்கும் ஒரு வழி பாப்பம்" என்றார் இன்னொருவர்.

ஒரு கணம் மகன் நினைவு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க. வழக்கைக் கைவிட எனக்கு ஏலாது" என்றேன். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் புத்தளத்துக்குப் போய் உங்கட சட்டத்தரணியைக் கண்டேன். உங்கட இடத்தில் என்னை மனுதாரராகச் சேர்க்கலாம் என்றார். "பெரிய ஆட்களோட மோதுற வேலை. பயமில்லையா?" என்று கேட்டார்.

"ஓம், பயம்தான். எங்க ஒப்பம் வைக்க வேணும்?"

உங்கட அளவுக்கு எனக்குப் பேச்சு வராது. என் சிங்களமும் அரைகுறைதான், அதைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை தவணை. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தால் மேன்முறையீடு செய்வேன். அங்கேயும் தோற்றால், கரையிலேயே போய் நிற்பேன். நீதிமன்றத்தில் இனி உங்கட பெயரைக் கூப்பிட மாட்டார்கள், என்னுடையதைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் எழும்பி நிற்பேன் ராத்தா.

துஆவோடு,
உங்களுக்குப் பின்னால் பிறந்த, இனி உங்களுக்குப் பின்னாலேயே வருகிற தங்கச்சி
ஸித்தி