அம்மாவின் கண்ணில் ஒன்றுமில்லை

பதுளை
ஒக்டோபர் 14

அன்பு மகன் பார்த்தீபனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முருகன் காப்பில் நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மருமகள் மயூரியும் ஆரணிக் குட்டியும் குளிர் தொடங்குகிற இந்த நாட்களில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அவனையே வேண்டுகிறேன். இங்கே பத்து நாளாகப் பின்னேரமானால் மழை, ஹாலிஎலப் பக்கம் றோட்டில் மண் சரிந்து ஒரு நாள் பஸ் ஓடவில்லை, எங்கள் வீட்டுப் பக்கம் பயமில்லை. பக்கத்து வீட்டு பவாஸின் தம்பி மிப்ரான் வியாழக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறான். மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் அம்மா சுட்ட பயித்தம்பணியாரமும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம், அதோடு இந்தக் கடிதத்தையும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். கச்சேரியில் முப்பத்துமூன்று வருடம் அரசாங்கக் கடிதம் எழுதின ஆள் நான், வாயால் வராதது எனக்குக் கையால் வரும்.

முதலில் உன் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். அம்மாவின் கண்ணில் ஒரு பிழையுமில்லை. கண் எரிகிறது, எழுத்துக் கலங்குகிறது என்று சொல்லி ஆறு ஞாயிறாகப் போனில் உங்களோடு சேர்ந்து வாசிப்பதை நிறுத்தி வைத்தாளே, அது பொய். அந்தப் பொய்க்குக் காரணம் நான்.

மயூரி சென்னையிலிருந்து ஒரே புத்தகத்தில் இரண்டை எடுப்பித்து, ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றதை அம்மாவுக்கு அனுப்பினாள் அல்லவா, அன்று தொடங்கியது. ஞாயிறு என்றால் உங்களுக்குக் காலை ஒன்பது, எங்களுக்கு மாலை ஆறரை. நாலு மணிக்கே அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்காது. முகம் கழுவிச் சேலை மாற்றி, சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னைக் கேட்காமல் ரீவியை நிற்பாட்டுவாள். அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் நீங்கள் நாலு பேரும் ஒரு உலகம். நான் விறாந்தையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே செய்தியை நாலு தரம் வாசிப்பேன். நீ வாசிக்கும்போது அம்மா சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் நான் கேட்டு எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது. ஆரணி எழுத்துக்கூட்டி ஒரு பந்தி வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டுவீர்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளை, அப்பப்பா வாசிக்கமாட்டாரா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவருக்கு இதில் விருப்பமில்லை என்று அம்மா சொன்னாள். அப்படிச் சொல்லி வைத்ததும் நான்தான், ஆகையால் எழுந்து போய் மறுக்கவும் வழியில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மேல் எனக்குப் பொறாமை, தம்பி. எழுபதை எட்டப்போகிற தகப்பன் பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு பெயரில்லை.

ஓகஸ்ட் கடைசியில் அம்மா தெமோதரையில் தன்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவரைப் பார்க்கப் போன அன்று, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். வாசித்தேன் என்று சொல்ல முடியாது. கோப்பில் கடைசிக் குறிப்பைத் தேடுவதுபோல் பக்கத்தைத் தள்ளித் தள்ளி முடிவுக்குப் போனேன். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று அன்று முழுக்க மனம் குளிர்ந்துபோய் இருந்தது. மறுநாள் காலை அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, கதையில் ரயிலேறிப் போன பூரணம் மகளுடைய கலியாணத்துக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்று ஆரணி அடித்துச் சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். என்னோடு அவள் அந்தக் கதையைப் பேசியது அதுதான் முதல் தடவை. அதையாவது நான் நினைத்திருக்க வேண்டும். "அவ வரமாட்டா. கடைசிப் பக்கம் மட்டும் பாத்திட்டன், அவ வரவேயில்லை" என்றேன். அம்மா துருவலையை மடக்கி வைத்தாள். அடுப்பை நிற்பாட்டினாள். புத்தகத்தை எடுத்துப் போய்ச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள், அந்த ஞாயிறே கண் எரிகிறது என்று உனக்குச் சொன்னாள்.

நீ பயந்துபோய் உன்னோடு படித்தவனைப் பிடித்துக் கண் டொக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்துவிட்டாய். போகாமல் இருந்தால் இன்னும் பயப்படுவாய் என்று பவாஸின் ஓட்டோவில் போனோம். டொக்டர் எல்லா எழுத்தையும் வாசிக்கவிட்டுப் பார்த்துவிட்டு, ரீச்சர், உங்களுடைய கண் என்னுடையதைவிட நல்லாக இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது நல்ல மழை, ஓட்டோவின் இரண்டு பக்கமும் படங்கு இறக்கியிருந்தது. அம்மா வெளியே பார்ப்பதுபோல் படங்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் செய்ததை அவனிட்டைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. இப்பதான் அவன் உங்களோடை ரெண்டு வசனம் கூடக் கதைக்கிறான். அதைக் கெடுக்கக்கூடாதெண்டுதான் பொய் சொன்னனான்."

நீ சின்னவனாக இருந்தபோது நீங்கள் இருவரும் குசினியில் ஒரு போர்வைக்குள் இருந்து கதைப்புத்தகம் வாசிப்பீர்கள், என் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் உங்கள் சத்தம் நின்றுவிடும். சாதாரண தரச் சோதனை வருடம் உன் கதைப்புத்தகங்களை எல்லாம் அலுமாரியில் பூட்டித் திறப்பைக் கச்சேரிக்குக் கொண்டுபோனேன். படிப்புக்காகச் செய்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்புக்காக மட்டுமில்லை, தம்பி. நான் உள்ளே வந்ததும் நிற்காத ஒரு சத்தம் எனக்கு வேண்டியிருந்தது, அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றினபிறகு, மிச்சக் கதையை வாசி என்று அம்மாவிடம் கேட்டேன். முடிவு தெரிந்தபிறகு என்னத்தை வாசிக்கிறது என்றாள். பிறகு அவளே, பூரணம் ஏன் வரவில்லை என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். அவள் ஏன் போனாள் என்பதே எனக்குத் தெரியாது, அந்தப் பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்ச் சேலைகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து முதலாம் பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தாள். அன்றிலிருந்து தினமும் மழை விட்டாலும் விடாவிட்டாலும் அரை மணித்தியாலம் நான் வாசிக்கிறேன், அவள் கீரை ஆய்ந்துகொண்டோ சும்மாவோ இருந்து கேட்கிறாள். நான் சுற்றறிக்கை வாசிப்பதுபோல் வாசிக்கிறேனாம். பார்த்தீபன் என்றால் பூரணத்தின் குரலிலேயே வாசிப்பான் என்று நேற்றும் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் அடுத்த பந்தியைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்துப் பார்த்தேன். நீங்கள் விட்ட நூற்றுப் பதினாலாம் பக்கத்துக்கு முந்தாநாள் வந்துவிடப் பார்த்தோம், அம்மா விடவில்லை. பிள்ளைகள் வரும் மட்டும் பொறுங்கள் என்று இரண்டு பக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, முதல் அத்தியாயத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்கிறாள்.

ஆகையால் வருகிற ஞாயிறு வழக்கமான நேரத்துக்குப் போன் எடுங்கள். ஆரணிக்கு முடிவைச் சொல்லிவிடாதே, அந்தப் பிள்ளை நம்பிக்கையோடு இருக்கட்டும், நானும் வாய் திறக்கமாட்டேன். அவள் வாசிக்கும்போது எழுத்துக்கு எழுத்துத் திருத்தாதே, பிழையோடு போகட்டும், திருத்தித் திருத்தி ஒரு பிள்ளையை மேசையிலிருந்து எழும்ப வைத்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். வேலை கூடினாலும் ஞாயிறை விடவேண்டாம், பத்து நிமிடமாவது இருங்கள். மயூரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். அம்மாவிடம் நீ ஒன்றும் கேட்கவேண்டாம், நான் எழுதுவது அவளுக்குத் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பணியாரம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மூவருக்கும் எல்லா நலனும் பெருகட்டும். மிப்ரானுக்கு ஊர் புதிது, அவனை ஒரு நேரம் சாப்பிடக் கூப்பிடு. ஞாயிறு நான் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். முடியுமென்றால் ஒரு பந்தி எனக்கும் தா.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
சி. கனகரத்தினம்