மின்னலின் மெஷினை நிறுத்தியது நான்தான்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதான் சொல்வீர்கள். அதை நம்பின காலம் போய்விட்டது.

தினமும் ஃபோனில் பேசுகிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் உடனே மகளைக் கூப்பிடச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது. உங்கள் அறைக் கூட்டாளி விடுமுறை முடிந்து நாளை கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலம் வரும். இரண்டு பனியன், வலித் தைலம், மகள் வரைந்த ஒரு படம். படத்தில் பூசணிக்காய்க்கு மீசை வைத்த மாதிரி இருப்பது நீங்கள்தானாம்.

தைலம் எதற்கு என்று தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். உங்கள் இடது கையைப் பற்றி எனக்குத் தெரியும். கூட்டாளி இங்கே வந்த அன்றே சொல்லிவிட்டார். பெயிண்ட் அடிக்கிற தொங்கு பலகையில் ஒரு முனைக் கயிறு நழுவியது, நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியது, மேலே இழுத்துப் போடும்வரை அந்த ஒரு கைதான் உங்களைத் தாங்கியது, இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லாதது, எல்லாம் தெரியும். அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் வாங்கின சத்தியத்தைக் காப்பாற்ற அவரும் படாத பாடு பட்டார். நான் டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன், அவ்வளவுதான் செய்தேன். டீ ஆறுவதற்குள் மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒரு மாதமாகத் தெரிந்தும் தெரியாதவள் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அதைக் கடைசியில் பேசுகிறேன். முதலில் என் பெருமையைக் கேளுங்கள். அரைகுறையாக ஃபோனில் சொன்னேன், முழுக்கதையைச் சொல்லாமல் எனக்கு வயிறு உப்பிக் கிடக்கிறது.

எங்கள் கம்பெனியில் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று வந்ததும், ஒவ்வொரு பிரிவிலும் ஆட்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். டப்பா மூடி அடிக்கும் பிரஸ் பிரிவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தகுதி பார்த்து இல்லை. பிரஸ் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் எனக்குத்தான் இருக்கிறதாம். ஆபத்து என்று தோன்றினால் பொறுப்பாளர் எந்த மெஷினையும் நிறுத்தலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். சுவரில் ஒரு சிவப்புப் பட்டனும் வைத்தார்கள். அதை யாரும் நம்பவில்லை. பார்க்க வருகிறவர்களுக்காக வைத்த அலங்காரம் என்றுதான் பேச்சு. காதுக்குக் கொடுத்த அடைப்பானை வீட்டுக்கு எடுத்துப் போய் மாமியார் பேசும்போது போட்டுக்கொள்கிறேன் என்றாள் பக்கத்து மெஷின்காரி. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டவில்லை.

மின்னலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பிரிவிலேயே வேகமான கை, அதனால் அந்தப் பட்டப்பெயர். அவர் ஒருவர் லீவு போட்டால் லோடு அன்றைக்குப் போகாது. இந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். இறங்குகிற நேரத்தில் கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் மூடி மேல் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் எடுத்து, மூடியைப் பிடுங்கிப் போட்டு, மறுபடி இரண்டு பட்டனுக்கும் போனால் வேலை நடக்காது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி ஒரு சைக்கிள் டியூப் துண்டு. ஒரு பட்டனை அதனால் இழுத்துக் கட்டிவிட்டால் அது அழுத்தினபடியே இருக்கும். அப்புறம் ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை மூடி பிடுங்க. எல்லோரும் கட்டுவார்கள். யாராவது அதிகாரி வந்தால் டியூப் காணாமல் போகும், அவர் தலை மறைந்ததும் திரும்பி வரும்.

அன்றைக்குப் பெரிய ஆர்டர். லாரி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. முதலாளி உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தபோது மின்னலின் இடது கை அச்சுக்குக் கீழே இருந்தது, வலது கை பட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடது கை வெளியே வந்த பிறகுதான் அச்சு இறங்கியது. தினமும் அப்படித்தான் வரும். அன்றைக்கு எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போய்ச் சிவப்புப் பட்டனை அடித்துவிட்டேன்.

மொத்தப் பிரிவும் நின்றுபோனது. அவ்வளவு அமைதியை நான் அங்கே கேட்டதே இல்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மின்னல் என்னை முறைத்த முறைப்பை வைத்து அடுப்பு பற்றவைத்திருக்கலாம். முதலாளி ஓடி வந்தார், நான் டியூப் துண்டைக் காட்டினேன், அவிழ்த்துவிட்டுப் பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஓட்டக்கூடாது என்றேன். தினமும் நடக்கிறதுதானே, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கத்தினார். அப்புறம் கேட்டார், "உன் கையா போகப்போகுது?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "என் வீட்டுக்காரர் கையா இருந்தா நிறுத்த மாட்டேனா? இவரும் ஒருத்தி வீட்டுக்காரர்தான்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பி வாசலுக்குப் போய்விட்டார். லாரி பாதி லோடோடு போனது. என்னை அனுப்பப் போகிறார்கள் என்று கேன்டீனில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மின்னல் மட்டும் வரவில்லை. தன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று அவருக்குக் கோபம்.

மறுநாள் காலையில் முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மின்னலின் ஸ்டூலில் உட்கார்ந்தார். டியூப் இல்லாமல் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நாங்கள் வேலை செய்கிற மாதிரி வேடிக்கை பார்த்தோம். மூடி ஒட்டும், பிடுங்குவார், பட்டனுக்குப் போவார், மறுபடி ஒட்டும். கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். விதிப்படி ஓட்டினால் இந்த மெஷின் ஓடவே ஓடாது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் எப்படிச் செய்தீர்கள் என்று மின்னலிடம் கேட்டார். மனிதர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். "கை உள்ள போகக்கூடாதுன்னா நான் என்ன, வாயால ஊதியா தள்றது?" என்று வெடுக்கென்று சொன்னார்.

எல்லோரும் சிரித்தோம். மெக்கானிக்கும் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். தூசி தட்டுவதற்குக் காற்றடிக்கிற குழாய் ஒன்று அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையை அச்சுக்குப் பக்கவாட்டில் வைத்துக் கட்டி ஒரு தடவை அழுத்தினார். மூடி பறந்து போய் முதலாளியின் காலடியில் விழுந்தது. அப்புறம் இரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்து, அச்சு மேலே போகும்போது தானாகக் காற்றடிக்கிற மாதிரியும், மூடி நேராகக் கூடையில் விழுகிற மாதிரியும் செய்துவிட்டார். இப்போது கை உள்ளே போக வேண்டிய வேலையே இல்லை, இரண்டு கையும் பட்டனிலேயே இருக்கிறது. மின்னல் முன்னைவிட வேகமாக அடிக்கிறார். தன் யோசனைதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், சொல்லட்டும். கோபம் போய் இப்போது என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறார். மற்ற மெஷின்களுக்கும் குழாய் வைத்தாயிற்று. டியூப் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டது நான்தான்.

கணக்குப் பார்க்கிற அக்கா இன்னொன்று சொன்னார். மூடி நசுங்கி வீணாவது குறைந்துவிட்டதாம். முன்பெல்லாம் கையில் வெட்டு, விரலில் கட்டு என்று யாராவது ஒருவர் லீவில் இருப்பார், புதிதாகச் சேருகிற பெண்கள் பிரஸ்ஸைப் பார்த்தே பயந்து வேலையை விட்டு நின்றுவிடுவார்கள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். இப்போது யாரும் நிற்கவில்லை. பாதுகாப்பு என்றால் செலவு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த முதலாளி அக்காவிடம் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்தாராம்.

போன வாரம் பெரிய டப்பா கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எங்களிடம் வருஷம் முழுவதும் மூடி வாங்கலாமா என்று பார்க்க. அவர்கள் மூடியைப் பார்த்ததைவிட மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் கைகளைப் பார்த்ததுதான் அதிகம். சிவப்புப் பட்டனைக் காட்டி இதை யாராவது எப்போதாவது அழுத்தியிருக்கிறார்களா என்று கேட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். லாரி வாசலில் நிற்கும்போது இவர்தான் அழுத்தினார், நான் திட்டினேன், நான் செய்தது தப்பு, இவர் செய்தது சரி என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். ஏங்க, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியாமல் நின்றேன். ஆர்டர் கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். தைரியத்தில் நான் அவர்கள் வம்சம் என்று அத்தை சொல்கிறார்கள், ரத்த சம்பந்தம் இல்லாமல் எப்படி என்று நான் கேட்கவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் என் தைரியத்தைப் புகழ்கிறார்கள். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். கூட்டாளி வந்து டீ குடித்துவிட்டுப் போனது ஞாயிற்றுக்கிழமை. நான் மெஷினை நிறுத்தியது மறுநாள் திங்கட்கிழமை. மின்னலின் இடது கை அச்சுக்குக் கீழே போனபோது எனக்கு அது அவர் கையாகவே தெரியவில்லை.

உங்கள் மேஸ்திரி ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் பெல்ட் கொடுப்பாராம், மற்ற நாளில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாராம். கட்டி அவிழ்க்க நேரம் வீணாகிறது என்பாராம். அவரிடம் போய்ப் பெல்ட் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், உங்களோடு பலகையில் நிற்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும், அது நீங்களாக இருங்கள். கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். அதற்காக அனுப்பிவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். என் சம்பளத்தில் நாலு பேரும் சாப்பிடலாம், கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், ஆமாம், உட்கார்ந்திருக்கிறார், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வேன்.

இங்கே நான் இருந்தேன், நிறுத்தினேன். அங்கே நான் இல்லை. இந்த ஒரு எண்ணம்தான் வேலை நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் என்னை அரிக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் என்னை வீடியோ காலில் கூப்பிடுங்கள். மகள் தூங்கின நேரமாகக் கூப்பிடுங்கள். விளக்குக்கு நேராக உட்கார்ந்து இரண்டு கையையும் காட்டுங்கள். கட்டு இருந்தாலும் பரவாயில்லை, வீங்கியிருந்தாலும் பரவாயில்லை, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக் காட்டுங்கள். நான் திட்ட மாட்டேன். அழ மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

உங்கள் வருகைக்காகவே காத்திருக்கும்,

உங்கள் மனைவி
(பிரஸ் பிரிவின் பாதுகாப்புப் பொறுப்பாளர்)