பம்புசெட் ஓடினால் பின்தங்கும் கடிகாரம்

ஏப்ரல் 1984, செவ்வாய் இரவு

நேற்று ஷிப்டு முடிந்து சங்கு ஊதிய பிறகுதான் மாரியம்மாள் அக்கா மில்லை விட்டுப் போனார். வருகை குறிக்கும் கம்ப்யூட்டரோ பத்து நிமிடம் முன்பே போனதாகப் பதிந்துவிட்டது. அதனால் இன்று அக்கா சஸ்பெண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவன் நான்.

அது நொடிக்கு ஐம்பது என்று கரண்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்கிறது, வண்டியூர்ப் பக்கம் பம்புசெட்டெல்லாம் ஒன்றாக ஓடினால் துடிப்பு குறைந்து கடிகாரம் பின்தங்கும் என்று மேனேஜரிடம் மன்றாடினேன்.

"கரண்டு கொறஞ்சா லைட்டு மங்கும்யா. நேரமுமா மங்கும்?" என்றார்.

கம்ப்யூட்டரையே இயக்கும் கெர்னல் புரோகிராமை வரி வரியாகப் பார்த்துவிட்டேன். பிழை அதில் இல்லை. இல்லாத பிழையை எப்படித் திருத்துவது?

மில் வாசலில் அக்கா கேட்டார்: "தம்பி, சங்குச் சத்தம் ஒங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

கேட்டது. என் காது கணக்கில் சேராதாம்.

இதை எழுதும்போதே பல்பு மங்குகிறது; பம்புசெட்டெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன போல. மில்லில் இரவு ஷிப்டு நடக்கிறது.