சாகத்தான் நட்ட பயிர்

பாப்பா,

பெயிண்ட் நாற்றம் தாங்கவில்லை. காலையிலிருந்து நம் வயல் வரப்போரத்துப் போர்டுக்கு ஒருவன் புதிதாக வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறான். பழைய எழுத்தைச் சுரண்டக்கூட இல்லை, அதன் மேலேயே அடிக்கிறான். குடிக்கத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். "எழுத்து நல்லா வந்திருக்கா, படிச்சுப் பாருங்க ஆயா" என்றான். அஞ்சாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டிப் படித்தேன். திட்டத்தின் பெயரே இரண்டு வரி. அதற்கு மேலே பாதிப் போர்டு காலி. "அங்க என்னப்பா?" என்றால், "தலைவர் படம் வரும் ஆயா, அதுக்குத் தனி ஆளு" என்கிறான். அடியில் ஓரமாக, உவர் நிலத்துக்கு ஏற்ற நெல் என்று இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இப்போதுதான் அவர்களுக்கு உப்பு கரிக்கிறது.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல், அதில் பாதி உன் மேல். நேரில் திட்ட ஆள் இல்லாததால் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். என் எழுத்தைக் கண்டாலே சிவப்புப் பேனாவை எடுக்கிற பழக்கம் உனக்கு.

இந்த நிலம் நமக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அம்மா இடுப்பில் இருந்தாய். கூலி கூடக் கேட்டதற்கு அப்பாவைப் பண்ணையில் கட்டி வைத்து அடித்தது போய், சங்கம் கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், உச்சவரம்புக்கு மேலே இருக்கிற நிலத்தைப் பிரித்துக் கொடுப்போம் என்று சர்க்கார் சொன்ன நேரம். மிராசுதாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். எதை ஒப்படைத்தார்? ஆற்றுப் பாய்ச்சல் நிலத்தையா? கடல் பக்கத்துத் துண்டை. கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும், மாடுகூட எட்டிப் பார்க்காது. அதைத்தான் மேளம் வைத்து, மாலை போட்டு, மேடையில் பட்டாவாகக் கொடுத்தார்கள். அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் சம்பா நுனி கருகி, வைக்கோலுக்குக்கூட ஆகாமல் போனபோது வரப்பில் உட்கார்ந்து சொன்னார்: "உப்பைக் குடுத்துட்டாங்க. சோறு நாமளா தேடிக்கணும் போல."

நான் நடவுக்குப் போனேன், நீ ஹாஸ்டலுக்குப் போனாய். அந்த ஹாஸ்டலும் சர்க்கார் கொடுத்ததுதான். சோறு, புஸ்தகம், ஸ்காலர்ஷிப், கடைசியில் விவசாயக் காலேஜ், எல்லாம் அவர்கள் போட்டதுதான். அது இல்லையென்றால் நீயும் என் பக்கத்தில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருப்பாய். அதனால்தான் அவர்களை முழு வாயாகத் திட்டவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் பாதியில் உன் ஹாஸ்டல் தட்டு ஞாபகம் வந்து நின்றுவிடுகிறது.

நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் உனக்கு வேலை கிடைத்து, ஜீப்பில் வந்து இறங்கினாயே, அன்றைக்கு ஊரே கூடிவிட்டது. உப்பைத் தாங்கும் நெல்லைக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்றார்கள். "அதுக்கு ஏன் நம்ம வயலு?" என்று கேட்டேன். "பண்ணை மண்ணுல உப்பு இல்லக்கா. நம்ம ஊருலதான் அது தாராளமா கிடைக்குது" என்றாய். உன் கூடவே இந்தப் போர்டும் வந்து இறங்கியது. அந்த ஆட்சிக்கு உன் நெல் மேல் ஆசையா? இல்லை. நிலம் கொடுத்தது நாங்கள்தான் என்று எழுதி வைக்க ஒரு கம்பம் வேண்டியிருந்தது. உனக்கும் அது தெரியும். "காரணம் எதுவா இருந்தா என்னக்கா, நாத்தங்காலுக்குத் தண்ணி வந்தா சரி" என்றாய். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டாய்.

வயலைப் பாதியாகப் பிரித்தாய். ஒரு பாதியில் உன் நெல். மறு பாதியில், ரோட்டுப் பக்கம், எல்லோரும் போடுகிற சாதா நெல். அதற்கும் அதே உரம், அதே தண்ணீர், அதே களையெடுப்பு. உன் நெல் நின்றது. சாதா நெல் மஞ்சள் பூத்து, குட்டையாகி, கண்ணெதிரே செத்தது. ஊரில் அதற்கு நோஞ்சான் துண்டு என்று பேர் வைத்தார்கள். பக்கத்து வயல் அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, உன் தங்கச்சி படிச்சிட்டு வந்து பயிரைச் சாகடிக்கிறாளாமே?"

"உனக்கு என்னடி தெரியும், அது ஆராய்ச்சி."

"பயிரைச் சாகடிக்கப் படிப்பு எதுக்கு? எம் புருஷன் படிக்காமலே வருஷா வருஷம் அதைத்தான செய்யிறான்!"

நேராக உன்னிடம்தான் வந்து கேட்டேன். செத்துப்போகும் என்று தெரிந்தே ஏன் நடுகிறாய், அந்த இடத்திலும் உன் நெல்லையே போட்டால் கூடக் கொஞ்சம் சோறாவது மிஞ்சுமே என்று. நீ பொறுமையாகச் சொன்னாய்: "தனியா நின்னா எது நல்லதுன்னு தெரியாதுக்கா. பக்கத்துல கெட்டதும் நிக்கணும்." மூன்று வருஷம் தொடர்ந்து இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் கமிட்டி உன் நெல்லுக்குப் பேர் வைக்கும், விதை ஊருக்கெல்லாம் போகும் என்றாய்.

இரண்டாவது வருஷம் முடிவதற்குள் ஆட்சி மாறியது. நெல் மாறவில்லை, உப்பு மாறவில்லை, போர்டு மட்டும் வெள்ளையாகிவிட்டது. பழைய ஆட்சியின் திட்டமாம், அதற்குப் பணம் கிடையாதாம். உன் கீழே வேலை செய்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விதை அழிந்து போகாமல் இருக்க ஒரு மூலையில் மட்டும் நட்டாய். "மறுபடி முதல்லேருந்துதான்கா, இடையில விட்டுப்போனதைச் சேர்க்க மாட்டாங்க" என்று சொன்னபோதும் உனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

அப்புறம் ஒரு புயலில் கடல் உள்ளே வந்து, ஆற்றுப் பாய்ச்சல்காரன் நிலமும் உப்பானது. அவன் கத்தினால் கேட்கும் அல்லவா? அதே வேலைக்கு வேறு பேர் வைத்து, வேறு வர்ணத்தில் போர்டு எழுதி, பணம் வந்தது. மறுபடி பாதிக்குப் பாதி. ஒரு வருஷம் தேறியது, இன்னொன்று தேறியது, மூன்றாவது சம்பாவும் கதிர் வைக்கப்போகிற நேரம். அப்போதுதான் அமைச்சர் பார்க்க வருகிறார் என்றார்கள்.

முதல் நாளே உன்னைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அமைச்சர் பேசுவதற்குக் குறிப்பு எழுதித் தர. நீ அங்கே உன் நெல்லைப் பற்றி அவருக்கு நல்ல நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே டிராக்டர் வந்து நின்றது. உன் மேலதிகாரி ஒருத்தர், கட்சியின் ஒன்றியச் செயலாளர், ஆள்கள். செயலாளர் ரோட்டில் நின்றபடியே நோஞ்சான் துண்டைக் காட்டினார்.

"என்ன சார் இது? அமைச்சர் வண்டியை விட்டு இறங்குற இடத்துல செத்த பயிரு? நாளைக்குப் பேப்பர்காரன் இதைத்தான படம் புடிப்பான்?"

நான் ஓடிப்போய் வரப்பில் நின்றேன். "அய்யா, அதுல கை வைக்காதீங்க. அது சாகத்தான் நட்டது."

"சாகத்தான் நட்டதா?" அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, வெயில் ஜாஸ்தியாயிருச்சா?"

"நெசமாத்தான் அய்யா. அது செத்தாத்தான் இது நிக்கிறது தெரியும். சார், நீங்க சொல்லுங்க சார்."

உன் அதிகாரிக்குத் தெரியும். அவரும் உன்னைப்போல் படித்தவர்தானே. என்னைப் பார்க்கவில்லை. "ஒரு நாளைக்குத்தாம்மா" என்றார். ஒரு நாளைக்காம்! பிடுங்கின பயிரை மறுநாள் எதில் ஒட்டுவார்? ஆள்கள் இறங்கிப் பிடுங்கினார்கள். வேறு எங்கிருந்தோ வளர்ந்த பயிரைக் கொத்தும் மண்ணுமாகப் பெயர்த்து வந்து அங்கே ஊன்றினார்கள். சாயங்காலத்துக்குள் ரோட்டிலிருந்து பார்த்தால் வயல் முழுக்க ஒரே பச்சை.

அமைச்சர் வந்தார், பச்சையைப் பார்த்தார், நீ எழுதிக் கொடுத்ததைப் படித்தார், போனார். நீ கடைசி வரிசையில் நின்றாய். எல்லோரும் போன பிறகு அந்த ஊன்றின பயிரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சாப்பாடு இருக்காக்கா?" என்று கேட்டாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் அடுத்த மாசம். போன வருஷத்துக் கணக்கைப் பார்த்து, அதே மாதிரி ஒன்று எழுதிக் கொடு, மூன்று வருஷம் ஆகிவிடும், கமிட்டிக்கு அனுப்பிவிடலாம் என்று உன் அதிகாரியே சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்று வந்து நிற்கிறாய். அன்றைக்கு நாம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எழுதிக் குடுத்தா என்னடி? போன வருஷம் செத்தது, இந்த வருஷமும் பாதி செத்துத்தான இருந்துச்சு? நான் கண்ணால பாத்தேன்."

"பாதிதான்கா பாத்த. மீதி இல்ல."

"உன் நெல்லு நிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"நிக்கும்னு நினைக்கிறேன். தெரியாது. ரெண்டும் வேற வேறக்கா."

"அப்பா இந்த உப்புலேயே செத்தாரு. ஊரு முழுக்க விதைக்குக் காத்துக் கெடக்கு. நீ வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பாத்துக்கிட்டு இருக்க!"

நீ தட்டில் இருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாய். மார்ச் முடிந்தது, மிச்சப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், தேறாத ஆராய்ச்சி என்று மூடினார்கள். நெல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாத உன்னைப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைக்கு மாற்றினார்கள். தென்னைக்கு! நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ, "தென்னைக்கு உப்பு ஒத்துக்கும்கா, எனக்கும் ஒத்துக்கும்" என்று பெட்டியைக் கட்டினாய். அங்கேயே இருந்து, அங்கேயே வயிற்றில் கட்டி வந்து, லீவு போடாமல் இழுத்து, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முற்றியிருந்தது.

உன் நெல்லை நான் விடவில்லை. வருஷா வருஷம் நட்டேன், சாப்பிட்டேன், விதைக்கு எடுத்து வைத்தேன். சில வருஷம் நன்றாக வந்தது, சில வருஷம் சுமார். ஒப்பிட்டுப் பார்க்க அக்கம்பக்கத்தில் நெல்லே கிடையாது. அஞ்சலை உட்பட எல்லோரும் இறால் குட்டைக்கு விட்டுவிட்டார்கள். நீ போன பிறகுதான் எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. இந்தச் சம்பாவுக்கு, உன் நெல்லுக்குப் பக்கத்தில், ரோட்டோரம், ஒரு துண்டில் சாதா நெல் வாங்கி நட்டேன். இந்த முறை யார் டிராக்டரோடு வந்தாலும் நானே குறுக்கே படுத்துக்கொள்வது என்று இருந்தேன். அதற்கும் இதற்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர். நீ செய்த மாதிரியே செய்தேன்.

நேற்று ஒரு பொண்ணு வந்தாள். பண்ணையில் புதிதாகச் சேர்ந்த ஆபீசராம். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினாள். உன் பேரைப் பண்ணையில் பழைய ஆள்கள் சொன்னார்களாம்.

"அம்மா, மேடத்தோட நெல்லு உப்புல நிக்குதுன்னு வீடியோவுல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அமைச்சரே அறிவிச்சிருவாரு, விதை வெளிய வந்துரும். எலெக்ஷன் தேதி சொல்றதுக்குள்ள அனுப்பணும்மா. சொல்லிட்டாங்கன்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. அப்புறம் யாரு வர்றாங்களோ, அவங்க இதைத் தொடுவாங்களா என்னன்னு தெரியாது."

அப்புறம் ரோட்டோரத் துண்டைப் பார்த்தாள். "இதுவும் மேடத்தோட நெல்லுதானம்மா?"

"இல்லம்மா. அது கடையில வாங்கின சாதா நெல்லு."

அவளும் உன் படிப்புப் படித்தவள்தான். முகம் மாறிவிட்டது. குனிந்து ஒரு பயிரைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "வீடியோவுல இது மட்டும் தெரிய வேணாம்மா."

ஏனென்றால் அதுவும் நிற்கிறது, பாப்பா. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அப்படி ஒரு மழை. உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே போய்விட்டது போலிருக்கிறது. சாக வேண்டிய பயிர் தொண்டைக் கதிரோடு, இன்றோ நாளையோ கதிர் வெளியே வருகிற பருவத்தில், பச்சைப்பசேல் என்று நிற்கிறது. நான் நட்டதற்கு இது ஒன்றுதான் குறை. அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் யார் ஆட்சி, எனக்குக் குனிய இடுப்பு இருக்குமா, அதையெல்லாம் நீ யோசிக்க மாட்டாய்.

உன்னை அன்றைக்கு அத்தனை பேர் கேட்கத் திட்டினேனே, அந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். நினைக்கிறது வேறு, தெரிகிறது வேறு என்று நீ சொன்னதை விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு சோறு பொங்கவும் முடியவில்லை. நாளைக்குக் காலையில் அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். நிற்கிறது உன் நெல்லா, இந்த வருஷத்து மழையா? நான் என்னடி சொல்ல?